நில் என்றொரு பெயர்

லாரிசா மருத்துவமனையின் நிலவறையில்
ஜன்னல் இல்லாத ஆய்வுக்கூடம் என்னுடையது.
மூன்றாம் மாடியில் கிடப்பவர்களின் முகம் தெரியாது.
காற்று தள்ளிவிடும் குழாய் வழியே
உருளைக்குள் அவர்கள் இரத்தம் வந்து விழும்,
கையில் எடுத்தால்
இன்னும் கொஞ்சம் சூடு.

இரவு இரண்டே கால்.
கட்டில் நான்கு. கட்டில் ஒன்பது.
இரண்டு சீட்டிலும் ஒரே சொல்: செப்சிஸ்.
எவ்தோகியா மேலிருந்து அழைத்தாள்:
நான்கு, பருத்தி அரைவை ஆலைக்காரர், ஸ்தமாத்திஸ்,
நிமோனியாவில் ஆரம்பம்.
ஒன்பது, பெலாகியா,
கர்டிட்சா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள்,
சிறுநீரகத்தில் ஆரம்பம்.
ஆன்டிபயாட்டிக் ஏறுகிறது, சலைன் ஏறுகிறது,
இருவரும் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

நான்கின் ஃபெரிட்டின்
இயந்திரத்தின் உச்சியைத் தாண்டியது.
நீர் கலந்து மறுபடி வைத்தேன்.
இருபத்தோராயிரம்.
காவலுக்கு நின்ற அணுக்கள்
கிருமி செத்த பின்பும் கை ஓயாமல்
ஈரலைச் சூறையாடுகின்றன.
வேலி பயிரை மேய்கிறது.

ஒன்பது வேறு கதை.
லேசர் ஒளிக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன
அவளுடைய வெள்ளையணுக்கள்.
எதிரியின் துணுக்கை
கொடிபோலத் தூக்கிக் காட்டுவது அவற்றின் வேலை.
கொடிகளை எண்ணினேன்.
கால்வாசி கூட இல்லை.
வாசல் திறந்து கிடக்கிறது,
உள்ளே விளக்கெரிகிறது,
எழுந்து வர ஆளில்லை.

அவனை அடக்க வேண்டும். இவளை எழுப்ப வேண்டும்.
மாற்றிப் போட்டுவிட்டால்?
குழாய்களின் மேல் ஒட்டிய எண்களை
மூன்று முறை வாசித்தேன்.
பதினெட்டு வருடமாக இதே மேசையில்
ஒரே பெயரை எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன்,
தூறலுக்கும் புயலுக்கும்
ஒரே குடையை நீட்டுவது போல.
அந்தச் சீட்டுகளை இப்போது நினைக்காமல் இருப்பது நல்லது.

ஸ்தமாத்திஸ்:
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குள்
'நில், போதும்' என்றொரு வினை பதுங்கியிருக்கிறது.
எட்டாவது பிள்ளையாம்.
தாய் களைத்துப்போய் வைத்த பெயராம், மகள் சொன்னாளாம்.
நில் என்று பெயர் சூட்டிய உடம்புக்கு
நிற்கத் தெரியவில்லை.

மகளிடம்தான் கையெழுத்து வாங்கினார்கள்.
ஆலையிலிருந்து நேராக வந்தவள்,
தலைமுடியில் பஞ்சு.
இது ஆய்வு, ஊசியில் மருந்தும் இருக்கலாம்,
வெறும் உப்புநீரும் இருக்கலாம்,
சீட்டுக் குலுக்கிய கணினிக்கு மட்டுமே தெரியும் என்றார் மருத்துவர்.
"உங்களுக்குமா தெரியாது?"
"எனக்கும் தெரியாது."
"அப்படியானால் சரி, நீங்களும் என்னோடு நிற்கிறீர்கள்"
என்று போட்டாளாம் கையெழுத்து.

இரவுகள்.
ஒன்பதின் கொடிகள்
சிலநாள் ஏறின, ஒருநாள் சறுக்கின, பிறகு ஏறின.
பதினோராம் நாள் உருளை வரவில்லை.
உருளை வராததற்கு இரண்டே காரணம் உண்டு.
தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன்,
எடுக்கவில்லை.
அதுவே அடித்தது.
"உன் ஒன்பது சத்தம் போடுகிறாள்,
மூக்குக்கண்ணாடியை யார் எடுத்தது என்று."

மருந்தாலா? தெரியாது.
தெரியும் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது.

நான்கின் ஃபெரிட்டின் மூவாயிரத்துக்கு இறங்கிய இரவு
மேசையை ஓங்கித் தட்டினேன், ஆளில்லாத அறையில்.
பிறகு கொடிகளை எண்ணினேன்.
சரிந்திருந்தன.
வெறிகொண்ட காவல்
அடங்கிய கையோடு உறங்கிவிட்டது.
செவ்வாய்க்கிழமை ஸ்தமாத்திஸுக்குக் கண்ட விடை
இந்தத் திங்கட்கிழமைக்காரருக்குப் பொருந்தாது.
ஒரே கட்டிலில் ஒரே ஆள்
இரண்டு நோயாளியாகக் கிடக்கிறார்.
நில் என்று சொல்லிச் சொல்லி
நின்றவரை
இனி யார் நட என்பது?

எண்ணை எழுதினேன், பக்கத்தில் மணியை எழுதினேன்,
மேலே அனுப்பினேன்.
வெளியே அக்டோபர்.
பருத்தி லாரிகள் போன சாலையோரம்
வெள்ளையாக இருக்கும்.

குழாயில் காற்று இரைகிறது.
உருளை விழுந்தது.
கட்டில் நான்கு.
கையில் எடுக்கிறேன்,
இன்னும் கொஞ்சம் சூடு.